ஆதாரை அறிமுகமில்லாத வெப்சைட்டில் ஏற்றாதீங்க... வீட்டு கம்ப்யூட்டருக்கு ஏற்ற இலவச போட்டோ எடிட்டர் எது?

விண்ணப்பம் போட இன்றுதான் கடைசி நாள். பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. போட்டோவை ஏற்றினால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வருகிறது: 'ஃபைல் 20 கே.பி.-க்கும் 50 கே.பி.-க்கும் இடையில் இருக்க வேண்டும்.' கையில் இருப்பதோ செல்போனில் எடுத்த 4 எம்.பி. போட்டோ.

திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில், ஆன்லைன் அப்ளிகேஷன் என்பது அன்றாட வேலை. சான்றிதழ், உதவித்தொகை, டி.என்.பி.எஸ்.சி., பேங்க் எக்ஸாம் என ஏதோ ஒன்றுக்காக யாராவது போட்டோவையும் கையெழுத்தையும் ஏற்றிக்கொண்டேதான் இருப்பார்கள். 'அண்ணா, இதை 50 கே.பி.-க்குக் கொண்டுவந்து கொடுங்க' என்று கடைக்காரரிடம் நீட்டுவது ஒரு வழி. வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவர்கள் வேறு இரண்டு வழிகளைத் தேடுகிறார்கள். ஒன்று, கூகுளில் தேடி முதலில் வரும் ஏதோ ஒரு வெப்சைட்டில் போட்டோவையும் ஆதாரையும் ஏற்றி அளவைக் குறைப்பது. இரண்டாவது, நண்பரின் பென் டிரைவில் இருக்கும் 'கிராக்' செய்த போட்டோஷாப்பை இன்ஸ்டால் செய்வது.

இரண்டுமே ஆபத்து. முதல் வழியில் உங்கள் முகம், கையெழுத்து, ஆதார் எண் மூன்றும் முன்பின் தெரியாத ஒருவரின் சர்வருக்குப் போகின்றன. இரண்டாவது வழியில், போட்டோஷாப்போடு சேர்ந்து வைரஸும் வீட்டுக்குள் வரலாம். அதே கம்ப்யூட்டரில்தான் நெட் பேங்கிங்கும் செய்கிறோம்.

இந்த வேலைக்கு இரண்டுமே தேவையில்லை என்பதுதான் நல்ல செய்தி. பைசா செலவில்லாமல், வீட்டு கம்ப்யூட்டரிலேயே, படம் வெளியே போகாமல் முடித்துவிடலாம். எந்த சாஃப்ட்வேர் யாருக்குப் பொருந்தும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் வேலையைப் பட்டியல் போடுங்கள்

'எது பெஸ்ட் எடிட்டர்?' என்று தேடினால் நூறு பெயர்கள் வரும். 'நமக்கு என்ன வேலை?' என்று கேட்டால் பட்டியல் சுருங்கிவிடும். ஒரு சாதாரண வீட்டில் வரும் வேலைகள் இவ்வளவுதான்:

- போட்டோவில் வேண்டாத ஓரத்தை வெட்டுவது
- பிக்ஸல் அளவையும் கே.பி.-யையும் குறைப்பது
- பின்னணியை வெள்ளையாக்குவது
- ஆதார், பாஸ்புக் போன்றவற்றில் தேவையில்லாத எண்ணை மறைப்பது
- பிறந்தநாள், காதுகுத்து, கோயில் விழா படங்களில் தமிழில் நாலு வரி எழுதுவது

இதில் எதற்கும் மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை. போட்டோஷாப் 1990-ல் வந்தது. தொழில்முறை டிசைனர்களுக்கான கருவி. 2013-ல் அடோபி நிறுவனம் சந்தா முறைக்கு மாறியது. அதன் பிறகு புது வெர்ஷனை ஒரே தடவையில் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள முடிவதில்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டுவதற்கு அவ்வளவு பெரிய கருவி எதற்கு?

பிக்ஸல் வேறு, கே.பி. வேறு

பலரும் தடுமாறும் இடம் இதுதான். இதைப் புரிந்துகொண்டால் எந்த சாஃப்ட்வேரும் கைக்கு வந்துவிடும்.

பிக்ஸல் என்பது படத்தில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை. கே.பி. என்பது அந்தப் படம் டிஸ்க்கில் பிடிக்கும் இடம். 12 மெகாபிக்ஸல் செல்போன் கேமராவில் ஒரு படம் சுமாராக 4000 x 3000. அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். பேங்க் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். கேட்பதோ 200 x 230 பிக்ஸல் போட்டோ. வெறும் 46,000 புள்ளிகள்தான். 260 மடங்கு சின்னது! கையெழுத்துக்கு 140 x 60 பிக்ஸல், 10 முதல் 20 கே.பி. போட்டோவுக்கு 20 முதல் 50 கே.பி.

ஆக, முதலில் பிக்ஸலைக் குறைத்தாலே கே.பி. தானாக இறங்கிவிடும். அதன் பிறகும் கூடுதலாக இருந்தால் சேவ் செய்யும்போது 'குவாலிட்டி'யைச் சற்றுக் குறைத்தால் போதும்.

சில அறிவிப்புகளில் பிக்ஸலுக்குப் பதில் சென்டிமீட்டர் இருக்கும். '3.5 x 4.5 செ.மீ., 200 டி.பி.ஐ.' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். சென்டிமீட்டரை 2.54-ஆல் வகுத்து, 200-ஆல் பெருக்குங்கள். 276 x 354 பிக்ஸல் என்று விடை வரும். ஒவ்வொரு தேர்வுக்கும் இந்த அளவுகள் மாறும் என்பதால், அந்தந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

வரிசை முக்கியம். முதலில் வெட்டுங்கள், அடுத்து அளவைக் குறையுங்கள், கடைசியாக வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். வெட்டாமல் நேரடியாக 200 x 230 என்று அழுத்தினால் முகம் ஒன்று நீண்டுபோகும், இல்லை சப்பையாகிவிடும்.

கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பது: பெயின்ட், போட்டோஸ்

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் எதையும் டவுன்லோடு செய்யும் முன் உள்ளே இருப்பதைப் பாருங்கள். பெயின்ட், 1985-ல் வந்த முதல் விண்டோஸிலிருந்தே கூட வருகிறது. 2017-ல் 'இனி இதை மேம்படுத்தப் போவதில்லை' என்ற பட்டியலில் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்த்தது. உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் பெயின்ட் பிழைத்துக்கொண்டது. 2023-ல் விண்டோஸ் 11 பெயின்ட்டுக்கு லேயர் வசதியும், ஒரே கிளிக்கில் பின்னணியை நீக்கும் வசதியும் வந்தன. வீட்டுச் சுவர் முன் நின்று எடுத்த போட்டோவுக்கு வெள்ளைப் பின்னணி வைக்க இது நன்றாகவே உதவுகிறது. முடி ஓரங்களில் பிசிறு இருக்கிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

பெயின்ட்டில் கன்ட்ரோல், டபிள்யூ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அளவு மாற்றும் பெட்டி வரும். சதவிகிதமா, பிக்ஸலா என்று கேட்கும். பிக்ஸலைத் தேர்ந்தெடுத்து அகலத்தை மட்டும் கொடுங்கள். உயரம் அதே விகிதத்தில் தானாக மாறும்.

பெயின்ட்டில் ஒரு குறை உண்டு. ஜேபெக் படமாக சேவ் செய்யும்போது குவாலிட்டியை நாம் முடிவு செய்ய முடியாது. சில நேரம் போட்டோ 20 கே.பி.-க்கும் கீழே போய்விடும். 'ஃபைல் மிகச் சிறியது' என்று வெப்சைட் திருப்பி அனுப்பும். அப்போது கைகொடுப்பது விண்டோஸ் 11-லேயே இருக்கும் 'போட்டோஸ்' ஆப். படத்தைத் திறந்து, மேலே இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'ரீசைஸ் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிக்ஸலையும் குவாலிட்டியையும் மாற்ற மாற்ற, புதிய ஃபைல் எவ்வளவு இருக்கும் என்பதை அங்கேயே காட்டும். ஐந்தில் நான்கு வேலைகள் இந்த இரண்டிலேயே முடிந்துவிடும்.

பழைய கம்ப்யூட்டருக்கு: இர்ஃபான்வியூ

பத்து வருடப் பழைய கம்ப்யூட்டர், மெதுவாகத்தான் ஓடுகிறது என்றால் இர்ஃபான்வியூ பொருத்தம். போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கில்யான் 1996-ல் வெளியிட்டது, பெயரும் அவருடையதே. மிகச் சின்ன சாஃப்ட்வேர் என்பதால் சட்டென்று திறக்கும்.

இதன் பலம், மொத்தமாக வேலை செய்வது. கிரிவலம் போய்விட்டு வந்து 200 படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'பேட்ச் கன்வர்ஷன்' வசதியில் எல்லாப் படங்களையும் ஒரே தடவையில் சின்னதாக்கிவிடலாம். சேவ் செய்யும்போது குவாலிட்டியை நாமே வைக்கலாம்.

வீட்டு உபயோகத்துக்குத்தான் இது இலவசம். கடை, அலுவலகம் என்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

கொஞ்சம் கூடுதல் வேலைக்கு: பெயின்ட் டாட் நெட்

பெயரைப் பார்த்து பெயின்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வேறு. 2004-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர் புராஜெக்டாகத் தொடங்கியது. அந்தக் குழுவில் இருந்த ரிக் ப்ரூஸ்டர்தான் பிறகும் இதைத் தொடர்ந்து வளர்த்து வந்தவர். விண்டோஸில் மட்டும் ஓடும்.

பெயின்ட் போதவில்லை, அதற்கு மேல் இருப்பது மிரட்டுகிறது என்பவர்களுக்கு இது சரியான நடுவழி. லேயர், வெளிச்சம் திருத்துதல், எத்தனை படி வேண்டுமானாலும் பின்னால் போகும் 'அன்டூ' எல்லாம் உண்டு. ஜேபெக்காக சேவ் செய்யும்போது குவாலிட்டியை நகர்த்த நகர்த்த ஃபைல் எத்தனை கே.பி. என்று பக்கத்திலேயே காட்டும். 20-க்கும் 50-க்கும் நடுவில் நிறுத்துவது இதில் மிகச் சுலபம்.

இதன் சொந்த வெப்சைட்டில் இலவசம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதற்குக் காசு உண்டு. ஸ்டோரில் விலையைப் பார்த்துவிட்டு 'இது இலவசம் இல்லையே' என்று திரும்பிவிடாதீர்கள்.

கற்றுக்கொள்ள ஆசை இருந்தால்: கிம்ப்

ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் 1995-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது கிம்ப். இன்றைக்கு உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் இதை வளர்க்கிறார்கள். 2025 மார்ச்சில் 3.0 வெர்ஷன் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வீடு, கடை, பள்ளி என எங்கே பயன்படுத்தினாலும் இலவசம். கேரள அரசுப் பள்ளிகளின் ஐ.டி. பாடத்தில் மாணவர்கள் கிம்ப்பைத்தான் கற்கிறார்கள்.

முதல் நாள் திறந்தால் தலை சுற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டன்கள் அதிகம். கையெழுத்தை மட்டும் சின்னதாக்க இதை இன்ஸ்டால் செய்வது, கொசு அடிக்கக் கடப்பாரை எடுப்பது மாதிரி. பிள்ளைகளுக்கு டிசைனிங்கில் ஆர்வம் இருந்தால், பழைய கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்து கீறல்களைச் சரிசெய்ய நினைத்தால், அப்போது கிம்ப் அருமையான துணை. இதில் கற்ற லேயர், மாஸ்க் எல்லாம் நாளை எந்த சாஃப்ட்வேருக்குப் போனாலும் உதவும்.

தமிழக அரசின் இலவச லேப்டாப் வீட்டில் இருக்கிறதா? 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பல லேப்டாப்புகள், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுடன் வந்தன. லினக்ஸில் பெயின்ட் கிடையாதே என்று ஓரமாக வைத்திருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். கிம்ப் அங்கே நன்றாக ஓடும். சின்னக் குழந்தைகளுக்கு 'டக்ஸ் பெயின்ட்' என்ற வரைபட விளையாட்டும் இலவசமாகக் கிடைக்கும்.

இன்ஸ்டால் செய்யவே முடியாதவர்களுக்கு: ஃபோட்டோபியா

இவான் குட்ஸ்கிர் 2013-ல் வெளியிட்ட ஃபோட்டோபியா, குரோம் மாதிரியான பிரவுசருக்குள்ளேயே ஓடும். போட்டோஷாப் மாதிரியே இருக்கும். ஓரத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். 'வெப்சைட்டில் ஏற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லலாமா?' என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது. இதில் திறக்கும் படம் சர்வருக்குப் போவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரிலேயே வேலை நடக்கிறது.

கேன்வா அப்படி இல்லை. அக்கவுன்ட் வேண்டும், படங்கள் அவர்கள் சர்வரில் இருக்கும். பிறந்தநாள் வாழ்த்து, கடைத் திறப்பு அழைப்பிதழுக்கு அது நல்ல வசதி. ஆதாருக்கும் கையெழுத்துக்கும் வேண்டாம்.

தமிழில் எழுதும்போது

காசு கொடுத்து வாங்குவதுதான் உசத்தி என்ற எண்ணம் தமிழிடம் வந்தால் சில நேரம் உடைந்துவிடும். போட்டோஷாப்பின் பழைய வெர்ஷன்களில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். செட்டிங்ஸில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேடி மாற்றினால்தான் சரியாக வரும். பெயின்ட்டிலும் கிம்ப்பிலும் யூனிகோட் தமிழ் அப்படிச் சிதறுவதில்லை. விண்டோஸில் 'நிர்மலா' எழுத்துரு கூடவே வருகிறது. அழகான எழுத்து வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் மீரா இனிமை, கவிவனார், பவனம், கட்டமரன் எல்லாம் இலவசம்.

பெயின்ட்டில் எழுதிவிட்டு வெளியே கிளிக் செய்தால் எழுத்து படத்தோடு ஒட்டிவிடும். பிறகு திருத்த முடியாது. அழைப்பிதழில் தேதி மாறலாம், பெரியப்பா பெயர் விட்டுப்போயிருக்கலாம் என்றால் கிம்ப்பில் செய்யுங்கள். அதன் சொந்த எக்ஸ்.சி.எஃப். ஃபைலாக வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தைத் திருத்தலாம்.

ஆதாரை மறைப்பது எப்படி?

- ஆதார் எண்ணை மறைத்துக் கொடுக்கலாம் என்றால், ஆதார் ஆணையத்தின் வெப்சைட்டிலேயே 'மாஸ்க்டு ஆதார்' டவுன்லோடு செய்யலாம். முதல் 8 எண்கள் மறைந்திருக்கும். கடைசி 4 மட்டும் தெரியும். நாமே கறுப்பு அடிப்பதைவிட இது நல்லது.
- பாஸ்புக் போன்றவற்றில் நாமே மறைக்க வேண்டுமென்றால், முழுக் கறுப்புப் பெட்டியை வரைந்து ஜேபெக்காக சேவ் செய்யுங்கள். மங்கலாக்கினால் போதும் என்று விடாதீர்கள். எண்களை ஊகிக்க வாய்ப்பு உண்டு. செல்போனில் மார்க்கர் மாதிரி தேய்ப்பதும் போதாது. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரியலாம்.
- பி.டி.எஃப். மேல் கறுப்புப் பெட்டி வைத்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கக்கூடும். படமாக மாற்றிவிட்டு மறையுங்கள்.
- வெட்டிய படத்தைப் பழைய ஃபைல் மேலேயே சேவ் செய்யாமல், புதுப் பெயரில் வையுங்கள். 2023 மார்ச்சில் விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலிலும் கூகுள் பிக்ஸல் போன்களிலும் ஒரு கோளாறு வெளியே வந்தது. வெட்டி, அதே ஃபைலில் சேவ் செய்த ஸ்கிரீன்ஷாட்டில், வெட்டி எறிந்த பகுதியின் தகவல் உள்ளேயே தங்கியிருந்தது. அதை மீட்கவும் முடிந்தது. இரண்டு நிறுவனங்களும் உடனே சரிசெய்துவிட்டன. அதற்கு முன் வெட்டிப் பகிர்ந்த படங்களுக்கு அந்தத் திருத்தம் உதவாது.

டவுன்லோடு செய்யும் முன் ஒரு நிமிடம்

இலவச சாஃப்ட்வேரில் ஆபத்து, பெரும்பாலும் சாஃப்ட்வேரில் இல்லை. அதை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. 2022-ல் கூகுளில் 'கிம்ப்' என்று தேடியவர்களுக்கு மேலே ஒரு விளம்பரம் வந்தது. அசல் வெப்சைட் பெயரையே காட்டி, அச்சு அசலாக அதே மாதிரி இருந்த போலி தளத்துக்கு அழைத்துப் போனது. அங்கே டவுன்லோடு செய்தவர்களுக்குக் கிடைத்தது, பாஸ்வேர்டுகளைத் திருடும் சாஃப்ட்வேர்.

அதனால் 'ஸ்பான்சர்டு' என்று இருக்கும் முடிவுகளைத் தொடாதீர்கள். முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கிம்ப்பின் முகவரி கிம்ப் டாட் ஆர்க் மட்டுமே. பெயின்ட் டாட் நெட்டுக்கு கெட்பெயின்ட் டாட் நெட். இர்ஃபான்வியூவுக்கு அதே பெயரில் டாட் காம்.

படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும்போது

செல்போனில் இருந்து வாட்ஸ்அப் வழியாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள் அல்லது கேபிளில் எடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களின் படம் ஹெய்க் என்ற வகையில் இருக்கலாம். விண்ணப்பத் தளங்கள் பலவும் ஜேபெக்தான் கேட்கும். ஃபைல் பெயரை மட்டும் மாற்றினால் வகை மாறாது. கேமரா செட்டிங்ஸில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிட்டு எடுங்கள்.

கையெழுத்துக்குக் கோடில்லாத வெள்ளைத்தாள், கறுப்பு மை. பகல் வெளிச்சத்தில், தாளின் மேல் உங்கள் நிழல் விழாமல், நேர் மேலிருந்து எடுங்கள். ஓரத்தை ஒட்ட வெட்டுங்கள். சின்னதாக்கும்போது கையெழுத்து புள்ளியாகிப் போகாமல் இருப்பதற்கு இதுதான் வழி.

ஒரே ஜேபெக் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து சேவ் செய்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். அசலைத் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள்.

சுருக்கமாக, யாருக்கு எது?

- அப்ளிகேஷன் போட்டோவும் கையெழுத்தும் மட்டும்தான் என்றால்: விண்டோஸில் இருக்கும் பெயின்ட், போட்டோஸ்
- பழைய கம்ப்யூட்டர், நிறைய படங்கள்: இர்ஃபான்வியூ
- கே.பி. துல்லியமாக வேண்டும், கொஞ்சம் அலங்காரமும் வேண்டும்: பெயின்ட் டாட் நெட்
- லினக்ஸ் லேப்டாப் அல்லது டிசைனிங் ஆர்வம்: கிம்ப்
- அலுவலக கம்ப்யூட்டர், இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லை: ஃபோட்டோபியா

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு போட்டோவையும் ஒரு கையெழுத்தையும் தயார் செய்து, 'அப்ளிகேஷன்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது, அதில் கேட்கும் அளவுக்கு மாற்றுவது ஐந்து நிமிட வேலை.